நான்காவது ஈர்க்கு

மெத்தை வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்குவார்கள். கை உள்ளே போனால் நல்ல மெத்தை, போகாவிட்டால் கல்லு. இராத்திரி முழுக்க அதில் படுத்துக் கிடக்கப் போவது உங்கள் கையா என்று கேட்க எனக்கு வாய் துடிக்கும். கேட்க மாட்டேன். காத்தான்குடியில் என் கடைக்கு இந்தப் பக்கம் ஒரு மெத்தைக் கடை, அந்தப் பக்கம் ஒரு மெத்தைக் கடை. 'ஹலீம் காக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில' என்று, அண்ணனைக் காக்கா என்கிற எங்கள் ஊரில் ஏற்கனவே பேர். அந்தக் கோபத்தைக் கட்டிப் பிடித்து வைத்தே பாதி ஆயுள் போய்விட்டது.

இரத்தினம்மா வந்த அன்று என்னால் பிடித்து வைக்க முடியவில்லை.

யுத்தம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இரண்டாயிரத்து ஒன்பது, ஆவணி பிறந்த கிழமை. பாதைகள் திறந்து, கொழும்பு லொறிகள் சோதனைச் சாவடிகளில் நாள்கணக்கில் காயாமல் வரத் தொடங்கியிருந்தன. வருடக்கணக்காகக் காணாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் கடைக்கு வந்தார்கள். அப்படித்தான் ஒரு காலை, குடையை மடக்கிக்கொண்டு, மெலிந்து உயர்ந்த ஒரு தமிழ்ப் பெண் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை. கிரானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னார்.

"பாரமான ஆளுக்கு ஒரு மெத்தை வேணும் காக்கா."

"எவ்வளவு பாரம்?"

"நூத்திப் பதினெட்டுக் கிலோ. எங்கட அவர்."

நான் நேரே பத்து அங்குல மெத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேலே பூப்போட்ட பளபளப்புத் துணி, கை வைத்தால் மணிக்கட்டு வரைக்கும் உள்ளே இழுக்கும். பாரமான ஆளுக்குத் தடிப்பான மெத்தை, மெல்லிய ஆளுக்கு மெல்லிய மெத்தை. இருபது வருடமாக இதுதான் என் கணக்கு. ஒருவரும் வந்து சண்டை பிடித்ததில்லை.

அவர் அதை அமுக்கிப் பார்க்கவில்லை. துணிப்பையைத் திறந்து, நூலால் கட்டிய ஒரு சின்னக் கட்டை எடுத்தார். தென்னோலை ஈர்க்குகள். நான்கு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் முறிக்கப்பட்டிருந்தது.

"மெத்தைக் கடையில ஈர்க்கு என்னத்துக்கு அக்கா? வாசல் கூட்டவா?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு ரோசம் வரவில்லை. கதிரையில் இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, ஆறுதலாகச் சொன்னார்.

அவருடைய கணவர் பெயர் நல்லரத்தினம். ஒரு காலத்தில் நெல் மூட்டையைத் தனி ஆளாகத் தூக்கி லொறியில் போட்டவர். சுனாமி அன்று கல்லடியில் தன் அக்கா வீட்டில் நின்றிருக்கிறார். தண்ணீர் வந்தபோது அக்காவின் பிள்ளைகள் இரண்டையும் இரண்டு கையிலும் வாரிக்கொண்டார். அலை அவரை இழுத்துக்கொண்டு போய் ஒரு கொங்கிறீட் தூணில் முதுகுப் பக்கமாக அடித்தது. பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை.

"தூணை ஒரு கையால தடுத்திருந்தா முதுகு தப்பியிருக்கும். கைதான் சும்மா இருக்கல்லையே" என்றார் இரத்தினம்மா.

அன்றிலிருந்து அந்த மனிதரால் படுக்க முடியவில்லை. வீட்டில் இருந்தது இலவம்பஞ்சு மெத்தை. அதில் படுத்தால் இடுப்பு குழிக்குள் இறங்கி முதுகு வில்லாக வளைந்துவிடும். பலகையில் படுத்தால் தோளும் இடுப்பும் மரத்துப்போகும். ஆகவே சாய்மனைக் கதிரையில் நித்திரை, அதுவும் அரை நித்திரை. இருந்தே கிடந்ததில் உடம்பு போட்டது. உடம்பு போடப் போட முதுகு இன்னும் கெட்டது. நாலு வருடமும் எட்டு மாதமும் இப்படி.

"முதுகு நேராக் கிடந்து ராவையில ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டா எழும்பி நடக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர். அது எப்பிடி எண்டு கேட்டதுக்கு நல்ல மெத்தையா வாங்குங்க எண்டார்."

"அதுக்கென்ன அவசரம்? ஆளுக்குச் சுகமானதும் ஒரு வாகனம் பிடிச்சுக் கூட்டி வாங்க. படுத்துப் பாத்து எடுக்கட்டும்."

"சுகமாகத்தானே காக்கா மெத்தை" என்றார். அது சரிதான். என் வாயில் சில நேரம் இப்படி வந்துவிடும்.

அவசரமும் இருந்தது. கிரான் பாலத்துக்கு அப்பால் அவர்களுடைய வயல் வட்டை மூன்று வருடமாகத் தரிசாகக் கிடந்தது. இந்த மாரி மழைக்குத்தான் போய் விதைக்க ஆமி விட்டிருந்தது. புரட்டாதி கடைசியில் விதைப்பு.

"அவர் வரம்பில நிண்டா நாங்க செய்வம். நிக்க ஏலாட்டா குத்தகைக்குக் குடுத்துடுவன் எண்டு சொல்றார். குடுத்தாரெண்டா அதோட சரி. மறுகா அந்த மனிசன் கதிரைய விட்டு எழும்பாது. எனக்குத் தெரியும்."

இதைச் சொல்லும்போது ஈர்க்குக் கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் கடையில் ஆண்கள் படுத்துப் பார்ப்பார்கள். பெண்களுக்கு வாங்குவதென்றால் கூட வந்த ஆண்பிள்ளை படுத்துப் பார்ப்பான். தெருவைப் பார்த்த கடையில் ஒரு பெண் மெத்தையில் ஏறிப் படுக்க முடியுமா? அவர் படுத்தாலும் பிரயோசனம் இல்லை, ஈர்க்கு மாதிரி உடம்பு. ஆளை நேரில் பார்க்காமல் எப்படி மெத்தை தருவது என்று கேட்டேன்.

"ஆளக் கொண்டு வந்திருக்கன்" என்று ஈர்க்குகளை மேசையில் பரப்பினார்.

வீட்டு முற்றத்தில் ஆற்று மணலை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, அதில் நல்லரத்தினத்தைக் கிடத்தியிருக்கிறார். கிடத்திவிட்டு, இடுப்புக்குக் கீழே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்தாராம். பிறகு தோளுக்குக் கீழே. இடுப்புக்கு மேலே முதுகு வளைகிற நாரிக்குக் கீழே மட்டும் எடுக்காமல், மணலை வைத்து நிரப்பியிருக்கிறார். ஒவ்வொரு பிடிக்கும் 'இப்ப நோகுதா' என்று கேள்வி. காலை முழுக்க இதே வேலை. கடைசியில் அந்த மனிதர் பதில் சொல்லவில்லையாம். எட்டிப் பார்த்தால் நித்திரை. வெயில் ஏறும் வரைக்கும் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் எழும்பிய பிறகு மணலில் கிடந்த பள்ளங்களை ஈர்க்கால் அளந்து முறித்ததுதான் இது.

"இது தோள். இது இடுப்பு. இது நாரியில எழும்பி நிக்க வேண்டிய உயரம்."

"நாலாவது?"

"அது பிறகு."

அதோடு நிற்கவில்லை. நெல் நிறுக்கிற தராசுத் தட்டைத் தரையில் வைத்து, அதே உயரத்துக்கு இரண்டு பக்கமும் பலகை அடுக்கி, கணவரைத் துண்டு துண்டாக நிறுத்திருக்கிறார். தோளுக்கு நாற்பது கிலோ, இடுப்புக்கு ஐம்பத்தைந்து, காலுக்குப் பதினேழு, தலைக்கு ஆறு. கூட்டிப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு.

நான் இருபது வருடமாக மெத்தை விற்கிறேன். ஒரு மனிதனுடைய இடுப்புத் தனியே எவ்வளவு பாரம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"முன்னுக்கு அரிசிக்கடை கிடக்கு. இந்தப் பாரத்துக்கு மூட்டை எடுக்கலாமா?" என்று கேட்டார்.

அப்போது மறுபடியும் கோபம் வந்தது. இது மெத்தைக் கடை, அரிசி ஆலை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என்னிடம் சுமை தூக்குகிற அஹமட் தெருவைக் கடந்து அரிசிக்கடைக்குள் போய்விட்டான். நாற்பது வயது ஆள், வேலை சொன்னால் மூன்று தரம் சொல்ல வேண்டும். அன்று சொல்லாமலே ஓடினான்.

பத்து அங்குல மெத்தையில் மூட்டைகளைத் தலை, தோள், இடுப்பு, கால் என்று வரிசையாகக் கிடத்தினோம். மெத்தையின் மேல் மட்டத்தில் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு நூலை இழுத்து, இந்தத் தலைப்பை நானும் அந்தத் தலைப்பை அஹமட்டும் பிடிக்க வேண்டும். அவர் குனிந்து, நூலிலிருந்து மூட்டை இறங்கிய இடத்துக்கு ஈர்க்கைப் பிடித்துப் பார்ப்பார். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். 'என்ன ஹலீம் காக்கா, அரிசிக்கு உடம்பு சரியில்லையா?' என்று ஒருவன் கேட்டான். நூலை விட்டுவிட்டு அவனைத் துரத்தலாம் என்றால், விடக்கூடாது என்று அவர் கண்ணாலேயே சொல்லிவிட்டார்.

தோள் சரியாக இருந்தது. இடுப்பு ஈர்க்கைத் தாண்டி மூன்று விரல் கீழே போயிருந்தது.

"இது இலவம்பஞ்சுதான் காக்கா. பூத்துணி போட்ட இலவம்பஞ்சு" என்றார்.

என் கடையின் விலை கூடின சாமானை இப்படி ஒருவரும் சொன்னதில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஈர்க்கு அங்கே நட்டுக்குத்தாக நிற்கிறது, அதோடு என்ன வாதாடுவது? அடுத்தது வில்லுக் கம்பி மெத்தை. அது இடுப்பைத் தாங்கியது, தோளை இறங்க விடவில்லை. அதற்கடுத்தது தேங்காய்த் தும்பு மெத்தை. அதில் ஒன்றுமே இறங்கவில்லை, அஹமட் அதைத் தட்டிப் பார்த்து 'மேசை' என்றான். ஒவ்வொரு தரமும் மூட்டைகளை இறக்கி ஏற்றினோம். எனக்கு வியர்த்து ஊற்றியது. அவருக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. கையில் அலுப்பும் இல்லை, முகத்தில் சலிப்பும் இல்லை. விதை நெல்லில் கல் பொறுக்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார்.

"வேற இல்லையா?"

"இல்ல" என்றேன்.

"பின்னுக்கு ஒண்டு கிடக்கே" என்று அஹமட் சொன்னான்.

கிடந்தது. அதை நான் காட்டாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். சுனாமிக்குப் பிறகு உதவி வேலைக்கு வந்த ஒரு பருத்த வெள்ளைக்காரர் சொல்லிவைத்த மெத்தை அது. எட்டு அங்குலம், முழுக்க இறப்பர்பால் ஊற்றிச் செய்தது, லேட்டெக்ஸ் என்பார்கள். அதிலும் கடும் ரகம். அது கொழும்பிலிருந்து வந்து சேர மறுபடி சண்டை தொடங்கியது, வெள்ளைக்காரர் போய்விட்டார். வெள்ளைச் சீலை உறை, பூவும் இல்லை பளபளப்பும் இல்லை. கையால் அமுக்கினால் கொஞ்சம்தான் கொடுக்கும், உடனே திரும்பித் தள்ளும். இரண்டு பேர் இல்லாமல் தூக்கவும் முடியாது. மூன்று வருடமாக ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் இருட்டறையில் கிடந்தது.

நானும் அஹமட்டும் மூச்சு வாங்க இழுத்துக்கொண்டு வந்தோம்.

"ஏன் இவ்வளவு பாரம்?"

"உள்ளுக்குக் காத்துக் குறைவு அக்கா. பால் கூட."

"பாரமான ஆளத் தாங்கிறதும் பாரமாத்தானே இருக்க வேணும்" என்று சொல்லிக்கொண்டு மூட்டைகளை அடுக்கினார்.

நூலைப் பிடித்தோம். தோளுக்கு ஈர்க்கை வைத்தார். நூலுக்கும் மூட்டையின் அடிக்கும் நடுவே அது கச்சிதமாக நின்றது. இடுப்புக்கு வைத்தார். ஒரு நெல்மணி அளவுதான் வித்தியாசம். நாரிக்கு வைத்தார். மெத்தை அந்த இடத்தில் இறங்காமல் எழும்பி நின்றது, ஈர்க்கு சொன்ன உயரத்துக்கே நின்றது. தெருவில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். "மாஷா அல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னேன். மெத்தையைப் பார்த்துச் சொல்லவில்லை.

முடிந்தது என்று நினைத்து நூலைச் சுருட்டினேன்.

"பொறுங்க காக்கா. இன்னொரு மூட்டை வேணும். நாப்பத்திரெண்டு கிலோ."

"ஆள் முழுக்க வந்திட்டாரே அக்கா?"

"இது வேற. பக்கத்தில ஒரு சாமான் வைக்கிறது."

என்ன சாமான் அது நாற்பத்திரண்டு கிலோவில்? கேட்டால் சொல்லவில்லை. இருபத்தைந்தும் பத்தும் ஏழுமாகச் சேர்த்து ஒரு சாக்கில் கட்டி, மெத்தையின் மற்றப் பக்கத்தில், ஓரமாக வைத்தோம். நான்காவது ஈர்க்கு, விரல் நீளம் கூட இல்லை, அதை அந்தச் சாக்குக்குப் பக்கத்தில் பிடித்து, அது எவ்வளவு இறங்கியிருக்கிறதென்று பார்த்தார். பிறகு அஹமட்டிடம், இடுப்பு மூட்டையை ஒரு சாண் தூக்கி விடச் சொன்னார்.

"மெதுவாவா?"

"இல்ல. ஒரு ஆள் ராவையில திடுக்கிட்டுப் புரள்ற மாதிரி."

அஹமட் தூக்கிப் போட்டான். பெரிய மூட்டை குலுங்கியது. சின்னச் சாக்கு அசையவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னார். அப்போதும் அது பெரிய மூட்டையின் பக்கம் சரியவில்லை, உருளவில்லை, வைத்த இடத்திலேயே கிடந்தது. அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு நேரமும் வியர்க்காத முகம்.

"இது போதும் காக்கா. இதையே தாங்க."

மெத்தையோடு கொழும்பிலிருந்து வந்த மாதிரித் துண்டு ஒன்று இருந்தது, சவர்க்காரக் கட்டி அளவில். அதையும் கேட்டார். ஊசி குத்தி வைக்கவாக்கும் என்று கொடுத்தேன். கட்டிலுக்குச் சட்டம் நெருக்கமாக இருக்க வேண்டும், இடைவெளி விட்டால் மெத்தையும் கூடத் தொங்கும் என்று எனக்குத் தெரிந்த ஒரே புத்தியைச் சொன்னேன். புளியந்தீவில் நெவில் என்கிற பறங்கித் தச்சரிடம் மூன்று விரல் இடைவெளியில் சட்டம் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது என்றார். அதற்கும் முந்திவிட்டார். மறுநாள் லொறியில் அஹமட்டே கூடப் போய் இறக்கிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் நானும் அவனும் அந்த நாற்பத்திரண்டு கிலோச் சாமானைப் பற்றிக் கதைத்துச் சிரித்தோம். அவன் தையல் மெசின் என்றான். நான் சாமிப் படப் பெட்டி என்றேன்.

ஏழு கிழமை போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, கடைக்குப் பூட்டு. சுள்ளென்று வெயில் அடிக்கிறது. என் மனைவி வழக்கம்போல எங்கள் இலவம்பஞ்சு மெத்தையை மதிலில் போட்டுத் தடியால் தட்டிக்கொண்டிருந்தாள். வெயில் காட்டினால்தான் பஞ்சு பொங்கும், மூட்டைப்பூச்சி போகும். இந்தப் பக்கத்தில் தமிழர், முஸ்லிம், பறங்கியர் என்று பேதமில்லாமல் எல்லா வீட்டிலும் கிழமைக்கு ஒரு தரம் நடக்கிற காரியம். கையில் தேத்தண்ணீரோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திடீரென்று கிரானுக்குப் போன மெத்தை ஞாபகம் வந்தது.

இறப்பர்பால் மெத்தைக்கு வெயில் ஆகாது. நேர் வெயிலில் நாலைந்து தரம் போட்டால் மஞ்சளாகி, வெடித்து, பிட்டு மாதிரி உதிர்ந்துவிடும். மெத்தையை அனுப்பிய கொழும்பு ஆள் எனக்கு முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னது. நான் இரத்தினம்மாவுக்குச் சொல்லவில்லை. அவருடைய கெட்டித்தனத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றதில், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். அப்படிப்பட்ட மனுஷி கிழமை தவறாமல் மெத்தையை வெயிலில் போடாமல் இருப்பாரா? மணலை ஒவ்வொரு பிடியாகக் கிள்ளி எடுத்த பாடு முழுக்க என்னால் மண்ணாய்ப் போயிருக்கும். விதைப்பு நேரம் வேறு.

தேத்தண்ணீரை வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

"ஜும்ஆத் தொழுகைக்கு முதல் எங்க போறீங்க?"

"கிரானுக்கு."

அவள் தடியைக் கீழே போட்டாள். எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்ற தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு நான் ஏறாவூரைத் தாண்டிப் போனதில்லை. அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்று அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. இரண்டு சாவடியில் மறித்தார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, ஒரு மெத்தையை நிழலுக்கு எடுக்க என்றேன். ஒரு சிப்பாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

கிரானில் கோயிலுக்குப் பின்னால் என்று அஹமட் சொல்லியிருந்தான். படலையைத் திறந்தேன். முற்றத்தின் நடுவே, கொதிக்கிற வெயிலில், ஒரு மெத்தை கிடந்தது.

"அக்கா, எடுங்க, எடுங்க அத" என்று கத்திக்கொண்டே ஓடி, அதன் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். இலேசாக வந்தது. கிழிந்த வாயால் பஞ்சு பறந்து என் தாடியெல்லாம் ஒட்டியது. பழைய இலவம்பஞ்சு மெத்தை.

இரத்தினம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்தார். என்னைக் கண்டதும் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"தலாணிக்குப் பஞ்சு எடுக்கப் போட்டனான் காக்கா. என்ன, இதையும் நீங்களா வித்தது?"

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மறந்துவிட்டேன், என் பிழைதான் என்றும் சொன்னேன். அவர் உள்ளே போய், ஒரு தட்டில் மூன்று துண்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். நான் கொடுத்த மாதிரித் துண்டை மூன்றாக வெட்டியிருந்தார். ஒன்று அடுப்படிப் புகையில் கிடந்தது, கறுத்திருந்தது, ஆனால் அமுக்கினால் எழும்பியது. ஒன்று தண்ணீரில் கிடந்து காய்ந்தது, அதற்கும் ஒன்றுமில்லை. மூன்றாவதை நான் தொட்டதும் மஞ்சள் தூளாக உதிர்ந்தது.

"கூரையில மூணு கிழமை வெயில்ல போட்டது. மெத்தையப் போட முதல் துண்டப் போட்டுப் பாத்தன்."

அந்த மனுஷிக்கு நான் சொல்ல மறந்தது என்று ஒன்றும் இல்லை. அவர் தானாகக் கண்டுபிடிக்காத எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

"பெரிய ஆளெண்டு நினையாதீங்க. முதல் கிழமை மெத்தைய மூடி வந்த பொலித்தீன் உறையக் கழட்டாம விட்டுட்டன். புதுசு ஊத்தையாகிடும் எண்டு. அவர் வேர்த்து, விரால் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு திரிஞ்சார். அளந்ததெல்லாம் சரி, இந்தப் புத்தி மட்டும் வரல்ல" என்று தலையில் கை வைத்துச் சிரித்தார்.

அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எங்கள் வீட்டிலும் கதிரைகளுக்குப் பொலித்தீன் கழற்றி வருடம் ஒன்றுதான் ஆகிறது.

மெத்தை எப்படி இருக்கிறதென்று பாருங்கள் என்று அறைக் கதவைத் திறந்தார். யன்னலுக்குச் சீலை கட்டி நிழலாக்கியிருந்தது. நெவிலின் சட்டம் போட்ட அகலக் கட்டில். அதில் என் வெள்ளைக்கார மெத்தை, நீலக் கோட்டு விரிப்போடு. கை வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் குழியில்லை. தலைமாட்டில் இரண்டு தலையணை. மூலையில் ஒரு பன்பாய் சுருட்டிச் சாத்தியிருந்தது, அதன் மேல் சிலந்தி வலை பின்னியிருந்தது. தையல் மெசினும் இல்லை, சாமிப் படப் பெட்டியும் இல்லை.

"அக்கா, அந்த நாப்பத்திரெண்டு கிலோச் சாமான்?" என்று கேட்டேன்.

அவர் விரிப்பில் இல்லாத சுருக்கத்தை இழுத்துவிட்டார்.

"அது நான்தான்."

கட்டிலின் மற்றப் பக்கத்தைப் பார்த்தேன்.

"அந்தப் பழைய மெத்தையில அவர் இருந்த பக்கம் குழியாகும். நான் உருண்டு போய் முதுகில முட்டுவன். அவருக்கு உயிர் போற நோ. அதால அவர் கதிரைக்குப் போனார், நான் கீழ பாயில. ராவையில தண்ணி வருது எண்டு திடுக்கிட்டு எழும்புவார் காக்கா. சுனாமியில இருந்து அப்பிடித்தான். எழும்பிக் கையால தேடுவார். நான் கீழ கிடக்கிற. கை எட்டாது. நான் எழும்பி வந்து பிடிக்கிறதுக்குள்ள அவர் திரும்பவும் அந்தத் தண்ணிக்குள்ள போய் வந்திடுவார்."

வெளியே டிரக்டர் சத்தம் கேட்டது. அவர் காது கொடுத்துவிட்டுத் தொடர்ந்து சொன்னார்.

"இப்பவும் எழும்புவார். கைய நீட்டுவார். நான் கிடப்பன். மறுகா படுத்திடுவார்."

மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கியது, அதை ஒளிக்கவில்லை. ஆளின் பாரம் கேட்பேன், உயரம் கேட்பேன், கட்டிலின் அளவு கேட்பேன். பக்கத்தில் படுக்கிறது யார் என்று இருபது வருடத்தில் ஒருவரிடமும் கேட்டதில்லை.

படலை திறந்தது. நல்லரத்தினம் வந்தார். பெரிய ஆள், வாசலை நிறைக்கிற உடம்பு. ஒரு கம்பை ஊன்றியிருந்தார், ஆனால் நிமிர்ந்து நடந்தார். முழங்கால் வரை சேறு. அன்று மூன்றாம் நாள் விதைப்பு. மடியில் மிஞ்சிய விதைநெல் ஒட்டியிருந்தது. நான் யாரென்று இரத்தினம்மா சொன்னதும் என் கையைப் பிடித்தார். கையிலும் சேறு.

"மெத்தை நல்லம் காக்கா. ஆனா எடுத்த ஆளுக்குத்தான் சொல்ல வேணும்."

"சொல்லியாச்சு" என்றேன். "இனியும் சொல்லுவன்."

"சேத்துக் காலோட அறைக்குள்ள போகாதீங்க" என்று இரத்தினம்மா சத்தம் போட்டார். நல்லரத்தினம் பெட்டிப் பாம்பாகக் கிணற்றடிக்குப் போனார். கம்பு இல்லாமல் நாலு எட்டு நடந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி நின்றோம்.

புறப்படும்போது அந்த ஈர்க்குகளைத் தர முடியுமா என்று கேட்டேன். கடைக்கு வருகிற ஆட்களுக்குக் காட்ட வேண்டும். அவர் தலைமாட்டுச் சுவர் இடுக்கிலிருந்து கட்டை எடுத்து, நூலை அவிழ்த்து, தோளையும் இடுப்பையும் நாரியையும் என்னிடம் தந்தார். அவை இன்றைக்கும் என் கடை மேசை லாச்சியில் இருக்கின்றன.

நான்காவதைத் தரவில்லை. இருந்த இடத்திலேயே திரும்பச் சொருகினார்.